டேவானில் ஒரு மேசை: பிபிஆர் பொதுமண்டபத்தைக் குடியிருப்பாளர் உதவி மையமாக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: கோலாலம்பூரில் ஒரு பிபிஆர் அடுக்குமாடி, அதாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு வீடமைப்பு. கீழே பெரிய டேவான், பொதுமண்டபம். இரவில் பேட்மிண்டன், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், மற்ற நேரமெல்லாம் பூட்டு. அதைக் குடியிருப்பாளர்களுக்குப் பல வகையிலும் உதவும் மையமாக மாற்ற முடியுமா? முடியுமென்றால் எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள். சாயம் அடித்து, நாலு கணினி வாங்கிப் போட்டு, பெயர்ப்பலகை மாட்டி, பிரமுகரை அழைத்துத் திறப்பு விழா நடத்தினால் கைக்காசும் ஆர்வமும் அன்றோடு தீர்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாள், மாறாத நேரம், ஒரு மேசை, ஒரு பதிவு நோட்டு. தொடங்க இவ்வளவு போதும். அரசு அலுவலகம் எதற்கும் இல்லாத ஒரு பலம் டேவானுக்கு இருக்கிறது: யாரும் கூப்பிடாமலே ஆட்கள் வருகிறார்கள். பையன் விளையாட வருவான், அவனைச் சாப்பிடக் கூப்பிட அம்மா வருவார், பக்கத்து வீட்டுத் தாத்தா வேடிக்கை பார்க்க உட்காருவார். மேசை அங்கேயே இருந்தால் இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, யாராவது பிரிக்காமல் வைத்திருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து நீட்டுவார். அதனால் பேட்மிண்டனை நிறுத்திவிட்டு மையம் நடத்தலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டம் நின்றால் இளைஞர்கள் போய்விடுவார்கள், அவர்களோடு குடும்பங்களும் போய்விடும்.

தேவை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு கணக்கு உண்டு. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் 17 மலிவுவிலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களை யூனிசெஃப் ஆராய்ந்து, 2018இல் அறிக்கை வெளியிட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள், 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நகரத்தின் நடுவில், இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இந்த நிலை. உங்கள் விண்ணப்பக் கடிதத்தில் இந்த எண்களைச் சேருங்கள்.

முதல் வேலை, டேவான் யாருடையது என்று தெரிந்துகொள்வது. மாதம் 124 ரிங்கிட் வாடகை கட்டும் பிபிஆர் என்றால் கட்டடம் மாநகர் மன்றத்துடையது, அதாவது டிபிகேஎல். அனுமதியும் அங்கேதான் வாங்க வேண்டும். வீடுகள் விற்கப்பட்டுத் தனித்தனி உரிமையாளர்கள் இருக்கும் அடுக்குமாடி என்றால் டேவான் பொதுச்சொத்து. அதை 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அமைந்த நிர்வாகக் குழு பார்த்துக்கொள்ளும். அங்கே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. குழுத் தலைவரின் வாய்வார்த்தையை நம்பித் தொடங்கினால் அடுத்த தேர்தலில் சாவி கைமாறும்போது மேசையும் வெளியே போகும். டிபிகேஎல் பக்கமும் இதே கதைதான். நல்ல அதிகாரி ஒருவர் “செய்யுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார், பிறகு அவருக்கு இடமாற்றம் வரும். எந்த நாள், எந்த நேரம், டேவானின் எந்தப் பகுதி, சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கணக்கு, கூட்டிப் பெருக்குவது யார் என்று ஆறு விவரங்களையும் ஒரே பக்கத்தில் மலாயில் எழுதிக் கொடுத்து, பதில் கடிதம் கைக்கு வந்தபிறகு தொடங்குங்கள்.

கடிதம் யார் பெயரில் போகும் என்பதும் முக்கியம். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்க அமைப்பு உங்கள் இடத்தில் உயிரோடு இருந்தால் அதன் வழியாகப் போவதே விரைவு. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு அங்கீகாரம் உண்டு, எல்லா இனத்தவரும் அதில் இருப்பார்கள். இல்லையென்றால் குடியிருப்பாளர் சங்கமாகச் சங்கப் பதிவிலாகாவில் பதியலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். நம்மவர் சங்கங்கள் பல இந்த 60 நாளில்தான் இடறுகின்றன. பதிவு போய்விட்டால் வங்கிக் கணக்கு சிக்கலாகும், இந்தியச் சமூகத்துக்கான அரசுப் பிரிவான மித்ரா போன்ற இடங்களில் மானியம் கேட்கும் தகுதியும் போகும். செயலாளர் கைப்பேசியில் அந்தத் தேதியை இன்றே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

எந்த நாள்? சனி, ஞாயிறு வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, கருமக்கிரியை என்று முன்பதிவு வந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரம் மேசை இல்லையென்றால் மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். புதன் அல்லது வியாழன், இரவு 8 முதல் 10 வரை வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, கீழே இறங்கும் நேரம் அதுதான். பகல் 10 மணிக்கு உதவி மையம் திறந்தால், உதவி அதிகம் தேவைப்படும் பாதுகாவலரும் துப்புரவுத் தொழிலாளியும் டெலிவரி ஓட்டும் பையனும் வேலையில் இருப்பார்கள்.

மேசைக்கு வரும் விவகாரங்களில் முன்னே நிற்பது பிறப்பு, அடையாளப் பத்திரம். இந்தியக் குடும்பங்களில் இதன் வேர் பெரும்பாலும் பதியாத திருமணத்தில் இருக்கும். கோவிலில் தாலி கட்டியாயிற்று, ஊரே வந்து சாப்பிட்டுப் போயிற்று. ஆனால் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தபிறகு, முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் சட்டத்தின் முன் திருமணம். பதியாவிட்டால் பிள்ளை, மணவுறவுக்கு வெளியே பிறந்ததாகவே கணக்காகும். அந்தப் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவர் என்றாலோ, தாயிடமே சரியான பத்திரம் இல்லையென்றாலோ, மலேசியாவில் மலேசியத் தந்தைக்குப் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்ல’ என்று வந்துவிடும். பள்ளியில், மருத்துவமனையில், பிறகு வேலையில் என்று அந்த ஒரு வரி ஆயுள் முழுக்கத் துரத்தும். பிறகு பெற்றோர் பதிவு செய்துகொண்டாலும் பிள்ளையின் நிலை தானாக மாறாது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வயது வரம்பு உண்டு, பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே இப்படி ஒரு குடும்பம் மேசைக்கு வந்தால் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற பேச்சே கூடாது. அன்றே பட்டியல் போட்டு, தேசியப் பதிவிலாகாவுக்குப் போகும் நாளைக் குறியுங்கள். கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளிடம் பதிவைப் பற்றி முன்கூட்டியே பேசுவது இதைவிட நூறு மடங்கு எளிது. சில கோவில்களிலேயே துணைப் பதிவாளர் இருக்கிறார்.

குழந்தை பிறந்தால் தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு என்று வேறு வழி, வேறு பத்திரங்கள், விசாரணை. கர்ப்பிணிகள் யார் யார் என்று தளப் பிரதிநிதிகளுக்குத் தெரியும், பிறந்த தேதியை நோட்டில் எழுதி 30ஆம் நாள் ஒரு முறை விசாரியுங்கள். 12 வயதில் மைகார்ட், 18இல் அதை மாற்றுவது ஆகியவையும் அதே நோட்டில் ஏறட்டும்.

அடுத்தது உதவித்தொகை. அரசின் ரொக்க உதவியான எஸ்டிஆர், கடையில் அடிப்படைப் பொருள் வாங்க உதவும் சாரா போன்றவற்றில் பணம் வராததற்குக் காரணம் தகுதியின்மை என்றே பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். நிராகரிப்பு என்று முடிவு கட்டுமுன் மூன்றைச் சரிபாருங்கள்: வங்கிக் கணக்கு மூடப்பட்டதா அல்லது நெடுநாள் பயன்படாமல் முடங்கியதா, விண்ணப்பத்தில் உள்ள முகவரியும் திருமண நிலையும் இன்றைக்குச் சரியா, மைகார்டின் சிப் வேலை செய்கிறதா. சாரா உதவி மைகார்டில் வருவதால், சிப் பழுதானவர் கடை வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்புவார்.

எல்லா இணையப் பாரத்துக்கும் பொதுவான ஒரு தடை கைப்பேசி எண். பிரிபெய்ட் சிம்மை மாற்றிவிட்டிருப்பார்கள், ரகசிய எண் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். சேமநிதியான இபிஎஃப் கணக்கோ வங்கியோ வருமானவரித் துறையோ, எதுவும் திறக்காது. இரவு எட்டு மணிக்குத் தொண்டூழியர் அரைமணி நேரம் போராடிவிட்டு ‘சிஸ்டம் சரியில்லை’ என்று அனுப்பிவிடுவார், உதவி கேட்டு வந்தவர் மறுபடி வரமாட்டார். மேசையில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்த நம்பர் எத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள்?’ மாறியிருந்தால் அன்று பாரம் நிரப்ப வேண்டாம். எந்த முகப்பில் எண்ணை மாற்ற வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும் என்று தாளில் எழுதிக்கொடுங்கள். இனி சிம்மை மாற்றாதீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகளுக்கென்று சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் காப்புறுதி இருக்கிறது. ஓராண்டுக்கு 120 ரிங்கிட். வீட்டு வேலையில் விழுந்து அடிபட்டவருக்கு அது பெரிய துணை. சொந்தத் தொழில் செய்பவருக்கும் உணவு டெலிவரி ஓட்டுபவருக்கும் தனித் திட்டம் உண்டு. மேசைக்கு எந்த வேலையாக யார் வந்தாலும் இதைக் கேட்டுவைக்கலாம்.

இப்போது நோட்டு. மையம் நிலைப்பதும் கலைவதும் இதில்தான் இருக்கிறது. நீளவாக்கில் கட்டிய கனமான நோட்டு ஒன்று எடுத்து ஏழு பத்தி போடுங்கள்: தேதி, வீட்டு எண், விவகாரம், குறையும் பத்திரம், எங்கே அனுப்பினோம், மறுபடி பார்க்கும் நாள், முடிவு. கடைசி இரண்டும் காலியாக இருக்கும் நோட்டு வெறும் வருகைப்பதிவு. ஒவ்வொரு வாரமும் மேசை திறந்ததும் முதல் பத்து நிமிடம், ‘மறுபடி பார்க்கும் நாள்’ தாண்டியவர்களைக் கூப்பிடுங்கள். பத்தில் நாலு பேர் அலுவலகத்துக்கே போயிருக்க மாட்டார்கள். லீவு கிடைத்திருக்காது, பஸ் காசு இருந்திருக்காது, அல்லது முகப்பில் அதட்டிவிடுவார்கள் என்ற பயம். அந்தக் கடைசிக் காரணத்துக்கு மருந்து ஒன்றுதான்: மலாய் நன்றாகப் பேசும் ஒருவர் கூடவே போவது. மாதத்தில் இரண்டு காலை நேரம் இதற்கென்று ஒதுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ அரசு ஊழியரோ உங்கள் கட்டடத்திலேயே இருப்பார். அவரைத் தேடிப்பிடிப்பது நான்கு கணினிக்குச் சமம்.

பத்திரங்களைக் கையாளுவதில் கண்டிப்பு வேண்டும். மைகார்ட் நகல் எடுத்தால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எதற்கான நகல் என்று எழுதுங்கள். தொண்டூழியர் கைப்பேசியில் யாருடைய அடையாளக் கார்டும் படமாக இருக்கக் கூடாது. பாஸ்வேர்டை உரியவரே தட்டட்டும், தெரியாவிட்டால் எழுத்தைக் காட்டிக்கொடுங்கள். பிறருக்காக வங்கிக் கணக்கைக் கொடுத்து மோசடி வழக்கில் மாட்டியவர்கள் இந்த அடுக்குமாடிகளில் நிறைய. மேசையும் அதே போன்ற சந்தேகத்துக்கு இடம் கொடுத்தால் ஒரே நாளில் நம்பிக்கை போய்விடும். கந்துவட்டி, வீட்டில் அடிதடி என்று வருபவரிடம் பேட்மிண்டன் கோர்ட்டின் ஓரத்தில் வைத்துப் பேச முடியாது. மூலையில் மடிப்புத் தடுப்பு ஒன்றும், எப்போதும் ஒரு பெண் தொண்டூழியரும் தேவை. அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் 15999 எண் இரவிலும் எடுக்கப்படும், அதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கமும் ஒட்டுங்கள், அங்கேதான் பயமில்லாமல் எழுதிக்கொள்ள முடியும்.

சாமான் குறைவாகவே போதும். ஆறடி மடிப்பு மேசை இரண்டு, பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்று, மடிக்கணினி ஒன்று, கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்று. மை தெளிக்கும் பிரிண்டர் மலிவு என்று வாங்காதீர்கள். வாரம் ஒரு முறை ஓடும் இடத்தில், இந்தச் சூட்டில், அதன் மை முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். திறந்து வைத்த தாள் ஈரம் இழுத்துச் சிக்கும், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். அலமாரியைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல்லோ பலகையோ கொடுத்து உயர்த்துங்கள், கோலாலம்பூர் மழையில் கீழ்த்தளத்துக்குத் தண்ணீர் வர ஒரு மணி நேரம் போதும். இணையத்தை வாங்குமுன் கைப்பேசியோடு போய் இரவு 9 மணிக்கு டேவானில் சோதித்துப் பாருங்கள். கட்டடம் முழுக்க வீடியோ பார்க்கும் நேரம் அது, பகலில் காட்டிய வேகம் இருக்காது. கணினி வகுப்பும் பல கணினிகளும் வேண்டுமென்றால் அருகில் நாடி என்ற அரசு இணைய மையம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, பிபிஆர் வளாகங்களிலும் உண்டு. அவர்கள் செய்வதை நீங்களும் செய்யத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு மாலை 6.30 முதல் 8 வரை படிப்பு நேரம், பிறகு கோர்ட் திறக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இறகுப்பந்து அடிக்கும் சத்தம் கூரைத் தகட்டில் பட்டு எதிரொலிக்கும்போது எந்தப் பிள்ளையும் கணக்குப் போடாது. படிப்பு முடிந்தால் ஆட்டம் என்றிருந்தால் ஆறாம் வகுப்புப் பையன்கூட நேரத்துக்கு வருவான். மூன்று அறை வீட்டில் ஏழெட்டு பேர் இருக்கும்போது அவனுக்கு நீட்டி எழுத இடமே கிடையாது, டேவானின் வெளிச்சமும் ஒரு மேசையும் அவனுக்குப் பெரிய விஷயம். பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். பிள்ளைகளோடு வேலை செய்ய முன்வருபவரின் பெயரைச் சமூகநல இலாகாவின் பதிவேட்டில் சரிபார்க்கக் கேளுங்கள், தெரிந்தவர் பிள்ளைதானே என்று விடாதீர்கள்.

பசியோடு வரும் பிள்ளைக்கு அவித்த முட்டை ஒன்று, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் கொடுத்தால் போதும். பிஸ்கட்டும் சர்க்கரைப் பானமும் வேண்டாம். அதே யூனிசெஃப் ஆய்வில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகள் எடை மிகுந்தவர்கள். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். வழக்கமாகச் சமைப்பவர் உணவு கையாளுவோர் பயிற்சி பெற்று, டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். மலாய்க்காரப் பிள்ளைகளும் சாப்பிட வேண்டுமென்றால் பாத்திரம் தொடங்கி ஹலாலாக இருக்கட்டும், நாலு நாள் சைவமாகவே வைத்தாலும் யாருக்கும் குறையில்லை.

உடல்நலத்துக்கு ஒரே ஒரு காரியத்தில் கவனம் வையுங்கள்: சர்க்கரை. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எஸ்டிஆர் பெறுபவர், அவர் துணைவர் இருவரில் 40 வயது நிறைந்தவருக்கு பெகா பி40 என்ற அரசுத் திட்டத்தில் இலவசச் சோதனை இருக்கிறது. பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். கிளினிக்கோடு பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்து, டேவானுக்கு வரவழையுங்கள். சோதனையோடு நின்றுவிட்டால் பயனில்லை. முடிவைத் தூக்கி அலமாரியில் போடுபவர்தான் அதிகம். அந்தப் பெயர்களும் நோட்டில் ஏறட்டும், மருந்து எடுக்க அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான் கட்டணம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

இனி பணம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2017இல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் ஒரு பங்கை விளையாட்டு மையங்களையும் நூலகங்களையும் பூங்காக்களையும் சீரமைக்கத் திருப்பிவிட்டது. சிங்கப்பூரில் சமூக மன்றங்களுக்கு 1960 முதலே சட்டபூர்வக் கழகமும் முழுநேர ஊழியரும் உண்டு. அவற்றை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. இங்கே ஊராட்சித் தேர்தலே கிடையாது, மேயர் நியமிக்கப்படுபவர். ஆகவே பணத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினர் பக்கம் பார்வை போவது இயல்பு. உதவி வாங்குங்கள், ஆனால் எந்தக் கட்சியின் பதாகையும் மேசைக்குப் பின்னால் தொங்க வேண்டாம். கொடுத்தவர் பெயரைக் கணக்கு நோட்டிலும் ரசீதிலும் எழுதுங்கள். பதாகை தொங்கினால் எதிர்க்கட்சிக் குடும்பங்கள் வரமாட்டா, ஆட்சி மாறினால் மேசையும் மடிந்துவிடும். அறிவிப்பு எப்போதும் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் மூவரில் இருவர் கையெழுத்து, மாதக் கணக்கு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்படும் என்று முதல் மாதமே வழக்கமாக்கிவிடுங்கள்.

லிஃப்ட் என்றதும் ஒன்று. அது பழுதாகும் நாட்களில் 12ஆம் மாடியில் இருக்கும் முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு டேவான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். கீழே மேசை எவ்வளவு நன்றாக நடந்தாலும், படுத்த படுக்கையாக இருப்பவர்களும் தனியாக வாழும் முதியவர்களும் மேலேயே இருப்பார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு ஐம்பது வருடமாக இங்கே வாழ்ந்து, ஒரு உதவித்தொகையும் இல்லாமல் இருப்பவர் பலர் அவர்களுக்குள் உண்டு. பல பிபிஆர் கட்டடங்களில் ஒரு தளத்துக்கு 20 வீடு. தளத்துக்கு ஒரு பெண் பிரதிநிதி இருந்தால் யார் வீட்டுக் கதவு மூன்று நாளாகத் திறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். மேசை தொடங்கும் முதல் வாரமே அவரிடம் அந்தப் பெயர்களைக் கேட்டு, மாதத்தில் கடைசி வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மேலே ஏறிப் போங்கள்.